முயல் ஒட்டிய மெஷின்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

மெஷின் வந்து சேர்ந்தது. வண்டிக்காரரே உள்ளே தூக்கி வந்து, பிளக்கைச் சொருகி, மூக்குக் குழாயை இவருக்கு மாட்டிக் காட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கிற கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நிமோனியா போயிடுச்சு. ஆனா நுரையீரல் தேற நாளாகும். வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இருந்தா கூட்டிட்டுப் போங்க, இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும்" என்றார். அண்ணன் உடனே போன் செய்து, "உங்க அண்ணி கம்பெனியே அதுதானே, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன். தைக்கிற துணிகளையெல்லாம் அள்ளி ஓரம் கட்டி, முன்னறையில் இடம் ஒழித்து வைத்தேன்.

பெட்டியைத் திறந்தால் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். சக்கரங்களில் ஒன்று மட்டும் வேறு நிறம். கைப்பிடிக்குக் கீழே ஒரு முயல் ஸ்டிக்கர், அதிலும் ஒரு காது பாதி கிழிந்தது. பெட்டியைப் பார்த்தாலோ முகவரிச் சீட்டுக்கு மேல் முகவரிச் சீட்டு. யார் யாரோ மூச்சுவிட்டுப் போட்டதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு எனக்கு வந்ததெல்லாம் அண்ணன்கள் போட்டுக் கழித்தது. பள்ளிப் பை, குடை, சைக்கிள் எல்லாமே. கடைசியில் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்ததும் நீங்கள் தைத்துத் தேய்த்த தையல் மெஷின். அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நாம் எவ்வளவு பேசிக்கொண்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன். பக்கத்து அறையில் இவர் படுத்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன். பழைய ஃபில்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு பை வைத்திருக்கிறீர்களே, அதில்தான் இந்தக் கடிதம் வருகிறது. குப்பையைக்கூடத் திருப்பிக் கேட்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்தான், வேறு யார்


பிப்ரவரி 9

மிளகுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. ஆள் பொடிசு, காரம் மட்டும் குறைவதில்லை.

உன் கடிதத்தை எங்கள் வேலைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, கோபமான கடிதங்கள்தான் எங்களுக்கு அதிகம் வரும். வாசல் பலகையில் 'திரும்பி வரும் சரக்குப் பிரிவு' என்று எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'பிறந்த வீடு' என்போம். வாழப்போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வருகிறவர்களுக்கு வேறு எங்கே போக்கிடம்?

ஒரு மெஷின் வந்ததும் பிரித்துப் பரப்பிவிடுவோம். மூச்சுப் படுகிற குழாய், ஃபில்டர் எல்லாம் புதுசு. மற்றவற்றைத் துடைத்து, காற்றடித்து, ஓட்டிப் பார்த்து, புது மெஷினுக்கு வைக்கிற அதே சோதனையை வைப்போம். அதில் தேறினால்தான் வெளியே போகும். தேறாததைக் கழற்றி, எது எதற்கு ஆகுமோ அதற்குக் கொடுத்துவிடுவோம். செம்பு செம்புக்கு, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்குக்கு. உன் வீட்டு மெஷினின் ஒற்றைச் சக்கரம் அப்படி வேறொன்றிலிருந்து வந்ததுதான். எங்கள் கூடத்திலேயே சின்னப் பொருள் குப்பைத் தொட்டிதான். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

புதுசு கேட்டிருந்தால் உன் வீட்டுக்காரர் இன்னும் வார்டில்தான் படுத்திருப்பார். எங்கேயோ செம்பு தோண்டி, எங்கேயோ பிளாஸ்டிக் உருக்கி, கப்பலேறி வரவேண்டும். ஏற்கெனவே தோண்டியது ஒரு வீட்டு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மறுபடி ஏன் பூமியைக் குடைய வேண்டும் என்பதுதான் எங்கள் பிழைப்பு.

முயலை எடுக்கத் தெரியாமல் விடவில்லை. அது எங்கள் கூடத்து வழக்கம். எல்லாவற்றையும் சுத்தம் செய்வோம், ஆனால் இருந்த வீட்டின் அடையாளம் ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம், காற்றுவழியை மறைக்காமல் இருந்தால். யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

பின்பக்கத்தில் கறுப்புப் பஞ்சு ஒன்று இருக்கும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்ததும் மாட்டு. பெட்டியைக் கிழித்துவிடாதே, அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

அவரை நன்றாகத் தூங்கச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

கோபம் தீரவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். இவர் தூங்குகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உட்கார்ந்தபடியே விழித்திருந்த மனுஷர் இப்போது காலை நீட்டிப் படுக்கிறார். நேற்று ஜன்னல் வரை நடந்து போய், தெருவில் போன பள்ளிக்கூடப் பஸ்ஸைப் பார்த்து, "கியர் போடத் தெரியாதவன்கிட்ட என் வண்டியைக் குடுத்திருக்காங்க" என்று திட்டினார். இவர் வாயிலிருந்து திட்டு கேட்டு எவ்வளவு நாளாயிற்று. உள்ளே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

மெஷினுக்குப் பெயர் வைத்திருக்கிறார். அது விடாமல் உறுமுவதைக் கேட்டு, "உங்க அண்ணன் குறட்டை மாதிரியே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அது மச்சான்தான். கரண்ட் போய் அது நின்றால் "மச்சான் கண்ணு முழிச்சிட்டாரு, அவசரத்துக்கு வெச்ச சிலிண்டரை எடு" என்கிறார். அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

தூசி படியாமல் இருக்க மச்சானுக்கு ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். பூப்போட்ட துணி, நாலு பக்கமும் இழுத்து மூடுகிற மாதிரி. கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. முயலுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டேன்.

மிளகு


பிப்ரவரி 24

மிளகு,

போனை நீ எடுக்கவில்லை, அவர் எடுத்தார். உறையை அந்த நிமிஷமே கழற்றிவிட்டதாகச் சொன்னார். இருந்தாலும் எழுத்திலும் சொல்கிறேன். அது காற்றை உள்ளே இழுத்துத்தான் ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிறது. நாலு பக்கமும் மூடினால் அதற்கே மூச்சு முட்டும், சூடேறி நின்றுவிடும். மச்சானுக்கு உடுப்பு வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

தையல் மட்டும் சுத்தம் என்று வண்டிக்காரர் சொன்னார்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

உறையைப் பிரித்துத் தலையணைக்குப் போட்டுவிட்டேன். வேறொரு காரியம் செய்தேன், அது தப்பில்லையே என்று கேட்டுவிடுகிறேன். கைப்பிடியின் விளிம்பு கையை அறுக்கிறது. அதன் மேல் நீலத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தைத்தேன். காற்றுவழியை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது, முயலும் மூச்சுவிடுகிறது.

இவர் இப்போது பகலில் குழாய் இல்லாமல் இருக்கிறார், ராத்திரிக்கு மட்டும் போதும் என்றார் டாக்டர். மாடிப்படி ஏறி இறங்குகிறார். இறங்கி வந்ததும் என்னைப் பார்த்து, வாயால் ஹாரன் அடிக்கிறார்.

அண்ணி, நன்றி. ஒரே சொல்தான், எழுத எவ்வளவு நேரமாயிற்று பாருங்கள்.

மிளகு


மார்ச் 28

மிளகுக்கு,

நீலப் பிடி தப்பில்லை. வண்டிக்காரர் போனில் ஒரு படம் எடுத்து வந்தார், எங்கள் ஆட்கள் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்கள்.

ஆனால் மெஷினைத் திருப்பி எடுக்க வந்த அந்த வண்டிக்காரரே இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். ராத்திரிக்கும் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உன் வீட்டுக்காரர் காட்டினாராம். நீ முதல் தடவை, "அவருக்கு லேசா இருமல், அடுத்த வாரம் வாங்க" என்றாயாம். அடுத்த தடவை மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாயாம். எங்கள் வண்டி போகும்போது நிறைந்து போகும், வரும்போது நிறைந்து வரும். அதுதான் எங்கள் முறை. உன் வீட்டிலிருந்துதான் காலியாக வருகிறது.

எனக்குப் புரியாமல் இல்லை. அது வீட்டில் இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று உனக்குத் தோன்றுகிறது. நான் கையெழுத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே விட்டுவைக்கலாம். போட மாட்டேன். ஏன் என்று கேள்.

ஒரு மரப்பட்டறைக்காரர் இருக்கிறார். காலமெல்லாம் மரத்தூளை உள்ளே இழுத்த நெஞ்சு. வீட்டில் மெஷின் இருந்தால் அனுப்பிவிடுவோம் என்கிறது ஆஸ்பத்திரி. எங்களிடம் தேறிய மெஷின் ஒன்றுகூட இல்லை. அவர் மகள் தினமும் போன் செய்கிறாள். முன்பு கோபமாகப் பேசினாள், இப்போது கெஞ்சுகிறாள். எனக்குக் கோபமே தேவலை.

உனக்கு இன்னொன்று சொல்லவில்லை. முயல் ஒட்டிய குழந்தை இருந்த வீட்டில், டாக்டர் போதும் என்று சொன்ன அன்றைக்கே அந்த அம்மா போன் செய்து, "யாராவது காத்துட்டிருப்பாங்க, இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கும், பெற்றவள் இல்லையா. அவள் ஒரு வாரம் வைத்திருந்தால் உன் வீட்டுக்காரருக்கு மெஷின் கிடையாது. அவள் யாரென்று உனக்குத் தெரியாது, நீ யாரென்று அவளுக்கும் தெரியாது.

திட்டி எழுதவில்லை. அவருக்கு மறுபடி ஏதாவது என்றால் ராத்திரியோ பகலோ ஒரு மெஷின் அனுப்புவது என் பொறுப்பு. வியாழக்கிழமை வண்டி வரும்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இவர்தான் சொன்னார், "அந்தம்மா குடுத்ததாலதான நான் உக்காந்திருக்கேன். எழுந்திரு, நாற்காலியை எடு." எடுத்துவிட்டேன்.

மச்சானை அனுப்பிவிட்டேன். வந்தபடியே அனுப்ப மனசு வரவில்லை. எங்களுக்கு உயிர் கொடுத்ததை அழுக்கோடா அனுப்புவேன்? தையல் மெஷினைப் பிரித்து மாட்டிப் பழகின கைதானே, பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே தூசி இருந்தது. துடைத்தேன். இரண்டு தடிக் குழல்கள் இருந்தன, குலுக்கினால் உள்ளே மணல் மாதிரி கலகலவென்றது. என்ன அழுக்கோ என்று பஞ்சை அலசுகிற மாதிரியே சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, இருந்தபடியே மாட்டிவிட்டேன். எண்ணெய் விடவும் துளை தேடினேன், கிடைக்கவில்லை.

இப்போது புதுசு தோற்றுப்போகும். பட்டறைக்காரர் மகள் என்னைப்போல் கோபித்துக்கொள்ள மாட்டாள். இவர் வாசல் வரை வந்து, அதன் தலையில் தட்டி, "போயிட்டு வாங்க மச்சான்" என்றார். வண்டிக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பெட்டியைக் கிழிக்கவில்லை.

மிளகு


ஏப்ரல் 11

மிளகு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் எண்ணெயில் தொடங்குகிறேன். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். அந்தத் துளை இல்லாமல் போனதற்கு நான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்தது அந்த மணல். அது அழுக்கு இல்லை, அதுதான் மெஷினே. காற்றில் இருக்கிற மற்றதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடுவது அந்தச் சின்ன உருண்டைகள்தான். ஈரம் பட்டால் அவற்றின் கதை முடிந்தது. நீ சோப்புப் போட்டே அலசியிருக்கிறாய். சோதனையில் வைத்தோம். மூக்குக் குழாயில் வந்தது ஊருக்கெல்லாம் சும்மா கிடைக்கிற காற்று.

மெஷின் வந்துவிட்டது என்று அந்த மகளிடம் காலையில்தான் சொல்லியிருந்தேன். மறுபடி போன் செய்து இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. அவள் "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அண்ணனைக் கேள், வீட்டில் சட்டி பானையெல்லாம் சத்தம் போட்டது.

பிறகு எங்கள் ஆட்களில் ஒருத்தி பிரிக்க வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்து வந்தாள். வண்டியிலிருந்து விழுந்து மோட்டார் நசுங்கிய மெஷின். உடம்பு போய்விட்டது, குழல்கள் மட்டும் நன்றாக இருந்தன. அவற்றை மச்சானில் மாட்டி, இரண்டு நாள் விடாமல் ஓட்டினோம். தேறிவிட்டது. மச்சான் இப்போது வேறொருவர் நுரையீரலோடு பட்டறைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அவரும் வார்டிலிருந்து வீடு சேர்ந்துவிட்டார்.

நீ நனைத்த உருண்டைகளைச் சூளையில் காயவைக்கிறவர்களுக்கு அனுப்பினோம். மெஷினுக்கு இனி ஆகாது, அலமாரியில் ஈரம் இழுக்கப் போடுகிற பைக்கு ஆகுமாம். உன் சோப்புகூட வீண்போகவில்லை.

தப்பு உன்னுடையது மட்டுமில்லை. பஞ்சைக் கழுவு என்று எழுதத் தெரிந்த எனக்கு, மற்றதைத் தொடாதே என்று எழுதத் தோன்றவில்லை. நன்றியில் ஒருத்தி மெஷினையே குளிப்பாட்டுவாள் என்று எங்கள் கூடத்தில் யாரும் நினைத்ததில்லை.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

அந்த 'சரிங்க' காதிலேயே நிற்கிறது. அவர் வீடு சேர்ந்துவிட்டார் என்று எழுதின வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்தக் குழல்களை இழுத்து வந்த பெண்ணுக்கு என் கையால் ஒரு சட்டை தைக்க வேண்டும். அளவு கேட்டு அனுப்புங்கள்.

எண்ணெய் விட்டால் ஓடுகிற மெஷின் ஒன்றுதான் அண்ணி எனக்குத் தெரியும். அது நீங்கள் கொடுத்தது. இவர் படுத்திருந்த நாளெல்லாம் இந்த வீடு அதில்தான் ஓடியது. இத்தனை வருஷத்தில் பெல்ட் ஒரு தடவை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். அது பழசு என்று வந்த அன்றைக்கு நினைத்தேன். அதற்கப்புறம் நினைக்க நேரமே இருந்ததில்லை, அவ்வளவு வேலை கொடுத்தது. இதைச் சொல்ல ஏனோ வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், உங்களுக்கு ரொம்ப நன்றி அண்ணி.

மிளகு


ஏப்ரல் 23

என் மிளகுக்கு,

புது மெஷின் வாங்கிக் கொடுக்க அன்றைக்கு எங்களுக்கு வசதி இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தும் வந்தேன். கடையில் இருந்தது எப்படித் தைக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னுடையது எப்படித் தைக்கும் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் அதைக் கொடுத்தேன். அது போன பிறகு மூன்று நாள் அது இருந்த மூலைப் பக்கமே நான் போகவில்லை. உனக்குச் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லவில்லை.

சட்டை அளவு உள்ளே இருக்கிறது. இப்போது எனக்கு உன்னால் ஓர் உதவி வேண்டும். பட்டறைக்காரர் மகளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பையில் வைத்திருக்கிறேன், படி. பக்கவாட்டில் கீறலாம். ஒற்றைச் சக்கரம் வேறு நிறமாம். யாரோ துணி சுற்றிய கைப்பிடியாம், காது கிழிந்த முயலாம். "எங்கப்பா என்ன இளப்பமா, யாரோ போட்டதைக் கொடுத்திருக்கீங்க" என்று கேட்டிருக்கிறாள்.

எங்கள் ஆட்கள் படித்துவிட்டு, "இதுக்கு உங்க நாத்தனார்தான் பதில் எழுதணும்" என்கிறார்கள். எழுதுவாயா?

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணி,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா.

இவர் திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். கத்த மாட்டேன். அண்ணனிடமும் கொடுங்கள், மச்சான் பெயரை இவரே சொல்லவேண்டுமாம்.

அந்தப் பெண்ணுக்கு எழுதியதை அடியில் அப்படியே தருகிறேன். தப்பிருந்தால் திருத்தி அனுப்புங்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மிளகு

"தங்கச்சிக்கு, நான் கம்பெனி ஆள் இல்லை. உங்கள் அப்பாவுக்கு முன்னால் அந்த மெஷின் என் வீட்டில் இருந்தது. அந்தக் கீறலைப் பார்த்து நானும் உங்களைப்போல்தான் கோபமாக எழுதினேன். முயலை ஒட்டியது ஒரு குழந்தை. அதற்குச் சுகமான அன்றைக்கே அதன் அம்மா திருப்பிக் கொடுத்ததால் எங்களுக்கு வந்தது. நீலத் துணி நான் சுற்றியது, உங்கள் கையை அறுக்காமல் இருக்கும். என் வீட்டுக்காரர் இப்போது பஸ் ஓட்டுகிறார். ராத்திரியில் அது உறுமும், பயப்படாதீர்கள், அது ஓடுகிறது என்று அர்த்தம். நீங்களும் தூங்கலாம். நான் அதை உங்களிடம் தாமதமாகத்தான் அனுப்பினேன். என் பயத்தால் சில நாள், என் அன்பால் சில நாள். நீங்கள் காத்திருந்ததற்கு நான் காரணம், மன்னித்துவிடுங்கள். அப்பா தேறி எழுந்ததும், காற்று போகிற வழியை விட்டு எங்காவது உங்கள் அடையாளம் ஒன்றை வைத்து, அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். கழுவாமல் அனுப்புங்கள்."